கல்யாணக் கோட்டு

தலையில் அடிபட்டு, பத்து நாளாக ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்த ஜூட்டுக்கு உடுப்பும் காலுக்குச் சப்பாத்தும் கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

"சவப்பொட்டியில வைக்கத்தான் கேக்குறாங்க தங்கச்சி," என்றார் அண்ணன் பத்திநாதன். அழுதுகொண்டே புருஷனின் கல்யாணக் கோட்டை எடுத்துப் பையில் வைத்தாள் ஜெயந்தினி.

ஐசியூ வாசலில் பிசியோதெரபி மிஸ் பையைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏம்மா, கோட்டு எதுக்கு? எழுப்பி நிக்க வைக்கத்தானே சப்பாத்து கேட்டோம்!"

"நிக்கவா? அவருக்கு நெனவே இல்லையே மிஸ்!"

"கொஞ்சம் வருது. இப்பவே பழக்குனாதான் சீக்கிரம் தேறுவாரு. வந்து பாருங்க."

உள்ளே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, குழாய்களோடு கட்டில் ஓரத்தில் ஜூட் உட்கார்ந்திருந்தான். ஜெயந்தினி கையைப் பிடித்தாள். அவன் விரல்கள் இறுகின.

வெளியே நின்ற அண்ணனிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, லயத்து வீட்டுக்கு போன் போடுங்க! சாவுப் பந்தலப் பிரிக்கச் சொல்லுங்க!"