நாலாவது பிரேக்கர்

முதல் குத்திலேயே எலக்ட்ரிகல் கடைக்காரரின் உதடு கிழிந்தது. கடைக்கு வந்திருந்த பிரேக்கர் கம்பெனி ஆள் குறுக்கே பாய, அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, லாரிக்காரன் கடைக்காரர் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடி மேஜை மேல் சாய்த்தான்.

“மூணு பிரேக்கர் மாத்தியாச்சுய்யா! மூணும் போலி!”

“லோடு கூடினா கரண்டைக் கட் பண்ண அது விழும்ண்ணே...”

“நான் லாரி எடுத்துட்டுப் போயிட்டா ஒழுங்கா நிக்குது. நான் வீட்ல இருந்தா மட்டும் ராத்திரியில பட்டுன்னு விழுது! இன்னிக்கு வேற மாட்டலேன்னா, கடையைக் கொளுத்திடுவேன்!”

பழைய பிரேக்கரை அவர் முகத்திலேயே விட்டெறிந்துவிட்டுப் போனான். நெற்றியிலும் ரத்தம்.

கம்பெனி ஆள் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். “உங்க ஏரியாவுல மட்டும் பிரேக்கர் ஏன் இப்படி வித்துப் பறக்குதுன்னு விசாரிக்க வந்தேன். இப்பல்ல புரியுது. சரக்கு மோசம்னா உங்க ஏஜென்சியே போயிடும்.”

“எல்லாம் ஏசியால சார். ஆம்பளைங்க வந்ததும் போட்டுடறாங்க.” சொல்லிக்கொண்டே கடைக்காரர் அந்தப் பழைய பிரேக்கரைச் சோதித்துப் பார்த்தார். பொட்டுக் கருகல் இல்லை, கச்சிதமாக வேலை செய்தது. அவர் பிழைப்பே இந்த ஏஜென்சிதான்.

மாலையில் புது பிரேக்கரோடு லாரிக்காரன் வீட்டுக்குப் போனார். நல்லவேளை, அவன் இல்லை. மனைவிதான் கதவைத் திறந்தாள்.

சுவர் சுவராக ஏசியைத் தேடினார். ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. பிரேக்கர் உயரத்தில் இருந்தது, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மூலையில் முகவாயில் பிளாஸ்டர் ஒட்டிய சின்னப் பெண் நின்றாள்.

“பாப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?”

“ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டா.” அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எதிர் வீட்ல பிரேக்கரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் குடுத்தீங்களாமே? எங்களுக்கும் அப்படியே மாட்டுங்கண்ணே.”

எதிர் வீட்டிலும் அவர் மூன்று முறை மாற்றியிருக்கிறார். அங்கேயும் ஏசி பார்த்ததாக ஞாபகம் இல்லை.

“அவ்வளவு கீழயா? ஏம்மா?”

“அவரு என்னை அடிக்கிறப்ப, லைட்டை அணைக்கப் பாப்பாவுக்குக் கை எட்டலண்ணே.”