பூனை வாசித்த வயலின்

பெரிய சிம்பொனியில் வாசிப்பதாக மனைவி கமிலாவிடம் சொல்லி வைத்திருந்தான் எர்வின். உண்மையில் வாசித்தது ஹாலிவுட்டின் கார்ட்டூன் கம்பெனியில். வாத்தியக்காரர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் இல்லாததால் பிழைத்தான். ஓபரா பாடகியான அவளுக்குத் தெரிந்தால் வயலினோடு வெளியே தள்ளிவிடுவாள்.

அன்று இருவரும் போன தியேட்டரில் படத்துக்கு முன்னால் அவன் வாசித்த கார்ட்டூனே ஓடியது. பூனை வயலினை எடுத்தது.

"பாப்கார்ன் வாங்கப் போலாமா?" என்று அவசரமாக எழுந்தான் எர்வின்.

"பேசாம உக்காரு."

ஓபரா பாடிய கோழி, உச்ச ஸ்வரத்தை எட்டியதும் தலையில் பியானோ விழுந்து நசுங்கியது. கமிலாவின் முகம் சிவந்தது.

"மன்னிச்சிடு கமி. பூனைக்கு வாசிச்சது நான்தான்."

"தெரியும். உன் வாசிப்பை ஹெட்ஃபோன்ல போட்டுக் காதுல மாட்டிவிட்டுத்தான் பாடச் சொன்னாங்க."

"யாரை?"

"வியாழக்கிழமை பாட்டு கிளாஸ்னு சொல்லிட்டு எங்க போறேன்னு நெனச்சே? பியானோ விழறதுக்கு முன்னாடி, இந்தக் கோழிக்கு மூச்சுவிட கொஞ்சம் இடம் குடுத்திருக்கலாம்ல!"