தளைக்கயிறு

சடையன் கோடரியோடு வந்தபோது அவன் அக்கா மருதி மரத்தின் உச்சியில் இருந்தாள். ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அவன் மரம் ஏறுவதில்லை. காட்டுப்பனைகளை வெட்டிச் சாய்த்துத்தான் பழம் எடுத்தான். அந்தச் சரிவில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.

"எறங்குக்கா. பழ லாரி வந்துரும்."

"நாலு குலை அறுத்துத் தாரேன். ஒண்ணு மரத்துலயே இருக்கட்டும், பறவைங்களுக்கு."

"அஞ்சும் வேணும்."

அடிமரத்தில் ஒரு வெட்டு விழுந்தது. உச்சியில் ஓலைகள் நடுங்கின.

மருதி குனிந்து, கால்களைப் பிணைத்திருந்த தளைக்கயிற்றைக் கழற்றிக் கீழே போட்டாள். அது அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அந்தக் கயிறு இல்லாமல் அந்த வழுவழுப்பான மரத்திலிருந்து யாராலும் இறங்க முடியாது.

"பைத்தியமா ஒனக்கு? எப்படி எறங்குவே?"

"நீ கொண்டு வா."

மேகம் மலையை மூடியது. முதல் தூறலிலேயே மரம் பளபளத்தது. சடையன் கயிற்றை எடுத்துக் கால்களில் மாட்டிக்கொண்டான். இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தால்தான் ஏற முடியும்.

கோடரி இன்னும் அவன் வலது கையில் இருந்தது.