பெட்டியைத் திறக்கும் முன்

மகன் நிரஞ்சன் கதை சொல்லி நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அவன் இறந்த பிறகும் நிற்கவில்லை. அவன் குரலில் பேசும் கருவி பூதங்கள் உலவும் குகைக்கதையைச் சொல்ல, அவன் அம்மா மங்கை பகடையும் கையுமாக மந்திரக்காரியாகி உள்ளே போவாள். அப்பா தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து மகன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மூலையில ஒரு இரும்புப் பெட்டி இருக்கும்மா. திறக்கறியா?" என்றது குரல்.

மங்கை எதற்கோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "திறக்கறேன்பா" என்றாள்.

"உள்ள விஷ ஊசிம்மா. உன் மந்திரக்காரி செத்துட்டா."

பகடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள்.

"ஆபத்து இருந்தா நிரஞ்சன் லேசா தொண்டையைச் செருமுவான். எனக்கு மட்டும் தெரியற மாதிரி. இது செருமவே இல்ல."

கருவிக்குக் குரல் தயாரிக்கக் கொடுத்த மகனின் பதிவுகளில், நோயில் கிடந்த கடைசி மாதங்களின் இருமல்தான் நிறைந்திருந்தது. அதை மறுபடி கேட்கத் தெம்பில்லாமல், தொண்டைச் சத்தம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று சொல்லி அனுப்பியவர் தணிகாசலம்தான்.

"புது ஆளா திரும்பி வர்றியாம்மா?" என்று கேட்டது குரல், துளிக் கரகரப்பும் இல்லாமல்.