சுருள் முடிச்சு ரோஜா

"நூலை ஊசியில சுத்துங்க. கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு மெதுவா இழுங்க. ரோஜா இதழ் மாதிரி சுருண்டு படுக்கும்."

சட்டைப் பொத்தான்கூடத் தைக்காத கணவன், அவளிடம் சுருள் முடிச்சு கற்றுக்கொள்ள உட்கார்ந்ததில், எம்ப்ராய்டரிக் கடை வைத்திருந்த அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நீங்க ரோஜா போடுற இந்தக் கைக்குட்டை யாருக்குங்க?"

"வேற யாருக்கு? உனக்குத்தான். முடியட்டும், தர்றேன்."

பிறந்தநாள் போயிற்று, கல்யாண நாளும் போயிற்று. கைக்குட்டை வரவில்லை. சரியாக வராமல் தூக்கிப் போட்டிருப்பார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள்.

"அக்கா, இதுல ஒரு இதழ் பிரிஞ்சுபோச்சு. சுருள் முடிச்சுன்னா நீங்கதான்னு சொன்னாங்க."

அதே கைக்குட்டை. இடது கைப் பழக்கமுள்ள கணவன் சுற்றிய சுருள்கள், எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றன.

"யாரும்மா போட்டது?"

"என்னைக் கட்டிக்கப் போறவருதான்க்கா." அந்தப் பெண் வெட்கப்பட்டாள். "பாவம், செத்துப்போன அவர் சம்சாரம் கத்துக்கொடுத்ததாம்."

அவள் கைக்குட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரும்மா. அந்தச் செத்துப்போனவ நான்தான்."