பளிச்சென்ற திரை

"மாமா, உங்க லேப்டாப்பைக் கடையில கொடுத்துச் சரி பண்ணிட்டேன்!" என்று பூரித்தார், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை.

"அதுக்கு என்ன கோளாறு?"

"திரை ஒரே இருட்டு மாமா. கடைக்காரர் உள்ளே இருந்த எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினார். இப்போ பளிச்சுன்னு இருக்கு!"

மாமனார் மூன்று வருடமாக எழுதிய புத்தகம் அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. புது மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? பக்கத்திலேயே மகள் வேறு நிற்கிறாள்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை வீண் சிரமம்?" என்று சிரித்து வைத்தார்.

"பாவம், திரை போனதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே!"

கண் தெரியாத தனக்கு வெளிச்சம் எதற்கென்று திரையை அணைத்து வைத்திருந்ததே அவர்தான்.

விசைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எழுதியதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டிய லேப்டாப்பின் குரலும் வாயைத் திறக்கவில்லை.