என்னங்க

"கல்யாணம் ஆகலைன்னு சொல்லித்தானே வீடு எடுத்தே? அப்ப தினமும் 'என்னங்க, என்னங்க'ன்னு யாரைக் கூப்பிடறே?"

வேலை விட்டு வந்தவளைக் குடியிருப்பின் செயலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு எதிர் வீட்டு அக்கா. புகார் யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

அக்காவின் கணவருக்கு இரவு வேலையாம், பகலெல்லாம் தூக்கமாம். "சத்தம் போடாதீங்க, அவர் தூங்கறார்" என்று மாடி முழுவதையும் அடக்கி வைத்திருப்பவள் அக்கா.

வேலை விட்டு வந்தவளுக்கோ, நாள் முழுக்கப் போனில் ஊர்ப்பட்ட பேருக்குப் பதில் சொல்வதுதான் வேலை. இப்போது இந்த ஒருவருக்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தது. இந்த வீடு கிடைக்க எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"உள்ள யாரும் இல்ல சார்."

"அப்ப நான் பார்க்கலாமில்ல?"

பார்த்தார். சமையலறை, குளியலறை, பால்கனி. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார், பாவம், முட்டிவலிக்காரர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தலையணை.

"பின்ன யாரைம்மா கூப்பிட்டே?"

"தனியா இருக்கேன்னு தெரிஞ்சா பார்சல் கொண்டு வர்றவன்கூட வாசல்ல கொஞ்சம் கூடுதலா நிக்கறான் சார். அதான் உள்ள பார்த்து 'என்னங்க, பார்சல் வந்திருக்கு'ன்னு ஒரு குரல் கொடுப்பேன். அப்புறம்... யாரும் வராதப்பவும் கூப்பிட ஆரம்பிச்சுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

செயலாளர் அசடு வழிந்தார். "சரி சரி, மனசுல வச்சுக்காதேம்மா. நீ பாட்டுக்கு இரு" என்று படியிறங்கிவிட்டார்.

அக்கா மட்டும் நகரவில்லை.

"இன்னும் என்னக்கா சந்தேகம்? உங்களுக்கென்ன, கூப்பிட்டா ஏன்னு கேக்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு."

அக்காவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"உனக்கு நிஜமாவே ஒருத்தர் இருக்காருன்னு நெனச்சேன்டி. வயித்தெரிச்சல். அதான் போட்டுக் கொடுத்துட்டேன்."

"வயித்தெரிச்சலா? உங்களுக்கா?"

அக்கா தன் வீட்டுக் கதவுவரை போனாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

"நீ 'என்னங்க'ன்னு கூப்பிட்டுட்டு மூச்சு விடாம அடுத்ததைப் பேசிடறே. அதை வச்சே எனக்குப் புரிஞ்சிருக்கணும். வேற யாருக்கும் புரியறதுக்குள்ள மாத்திக்கோ. கூப்பிட்டதும் கொஞ்சம் நிறுத்து. அவர் பதில் சொல்ற அளவுக்கு இடம் விட்டுப் பேசு."

கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது.

"நான் அப்படித்தான் பேசிட்டிருக்கேன், அவர் என்னை விட்டுட்டுப் போனதுலேருந்து."